கோணிப்போன ஹேண்டில்பார்

2001-02இல் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு படித்த பட்டியல் சாதி, பழங்குடி மாணவிகளுக்கு அரசு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. தூத்துக்குடி உப்பளங்களை ஒட்டிய எங்கள் வீட்டுக்குப் புது சைக்கிள் வந்தது அப்படித்தான், அக்காவுக்காக. அம்மாவும் அப்பாவும் விடியுமுன் அளத்துக்கு நடந்தே போனவர்கள்.

ஒருநாள் சாயங்காலம் ஊர்த்தெரு வழியே வந்த அக்காவை, இறங்கித் தள்ளிக்கொண்டு போகச் சொன்னார்கள். அவள் இறங்கவில்லை. சைக்கிளோடு கீழே தள்ளிவிட்டார்கள். முழங்கையில் ரத்தத்தோடு வீடு வந்தாள். சக்கரம் ஒரு பக்கம் பார்க்க, ஹேண்டில்பார் வேறு பக்கம் பார்த்தது.

கடைக்குக் கொண்டுபோனால் எப்படி விழுந்தது என்று கேட்பார்கள். அதனால் நாங்களே உட்கார்ந்தோம். முன்சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கும் நடுவே இறுக்கிக்கொண்டு ஹேண்டிலைத் திருப்பினோம். அசையவில்லை. வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் உப்புக்காற்றில் நடு போல்ட் துருவேறியிருந்தது. மண்ணெண்ணெய் விட்டுக் காத்திருந்து, ஸ்பானரால் நாலு சுற்றுத் தளர்த்தி, போல்ட் தலையில் மரக்கட்டையை வைத்து ஒரு தட்டுத் தட்டினோம். உள்ளே இறுகியிருந்த ஆப்பு விட்டது. சக்கரத்துக்கு நேராக வைத்து முடுக்கினோம். குழாய் வளையவோ விரியவோ இல்லை. அப்படி ஆகியிருந்தால் மாற்றத்தான் வேண்டும். நிமிர்த்தி ஓட்டினால் வழியில் முறியலாம்.

மறுநாள் அக்கா பள்ளிக்குப் போனாள். சுற்றுவழியில். நாங்களோ சைக்கிளைச் சரிசெய்த பெருமையில் இருந்தோம். நடந்ததற்கு இருந்த சாட்சியை நாங்களே துடைத்துவிட்டோம் என்பது ரொம்ப வருஷம் கழித்துத்தான் உறைத்தது.

நாம் பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதைத் தடுப்பது குற்றம் என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு இன்று பெயர் சொல்லியே கூறுகிறது. 2015இல் திருத்தி, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. சைக்கிள் ஓட்டுவதற்கும் சட்டம் எழுத வேண்டியிருந்தது என்றால், எத்தனை அக்காமார் இறக்கிவிடப்பட்டிருப்பார்கள்!

தம்பி தங்கைகளே, இப்படி நடந்தால் ஸ்பானருக்கு முன்னால் செல்போனை எடுங்கள். கோணிய நிலையிலேயே படம் பிடியுங்கள். நாள், நேரம், தெரு, பார்த்தவர்கள் பெயர் எல்லாம் எழுதி வையுங்கள். முதலில் விசாரணை, பிறகுதான் வழக்கு என்று காவல் நிலையத்தில் சொன்னால், 2018இல் சேர்த்த 18ஏ பிரிவைக் காட்டுங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகக் கேட்டு வாங்குங்கள்.

ஹேண்டில்பாரை அப்புறம் நிமிர்த்திக்கொள்ளலாம். அது அரைமணி நேர வேலைதான்.