அரைமண்டி

பன்னிரண்டு வருஷங்களுக்கு முன் இதைப்போன்ற ஒரு சிறுபத்திரிகையில் பரதநாட்டியம் பற்றி நாலு பக்கம் எழுதினேன். அது செத்துப்போன கலை. சென்னையின் டிசம்பர் மாதத்துக்கு வெளியே அதற்கு மூச்சு இல்லை. நம் உடம்பின் மொழி தெருக்கூத்தில்தான் இருக்கிறது என்பது அதன் சாரம். ந. முத்துசாமி கூத்தைப் பற்றி எழுதியவற்றைப் படித்துக் கண் திறந்தவர்களின் வரிசையில் பிந்தி வந்து நின்றவன் நான். அந்த உற்சாகம் அதில் இருந்தது. இரண்டு நண்பர்கள் பாராட்டிக் கடிதம் எழுதினார்கள். ஒருவர் சண்டை போட்டார். அதை எழுதிய நாளில் ஒரு பெண் அரைமண்டியில் உட்கார்வதைச் சேர்ந்தாற்போல் பத்து நிமிஷம் பார்த்தவனில்லை நான்.

இப்போது இதைச் சொல்ல நேர்ந்தது என் மகளால். பத்தாவது பரீட்சை முடிந்த மறுநாள், பிளஸ் ஒன் சேரப்போவதில்லை, கிருஷ்ணகிரி மாவட்ட அரசு இசைப்பள்ளியில் பரதம் படிக்கப்போகிறேன் என்றாள். கேட்கவில்லை, சொன்னாள்.

கலை பண்பாட்டுத் துறை நடத்தும் பள்ளி அது. தமிழ்நாட்டில் இப்படிப் பதினேழு இருக்கின்றன. வாய்ப்பாட்டு, நாகசுரம், தவில், தேவாரம், பரதம், வயலின், மிருதங்கம் என்று ஏழு துறைகள். 12 வயதிலிருந்து 25 வயதுக்குள் இருக்க வேண்டும். பரதத்துக்கு ஏழாம் வகுப்புத் தேறியிருந்தால் போதும். மூன்று வருஷம் முடிந்தால் சான்றிதழ். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி ஐம்பது கிலோமீட்டர். சூளகிரி வழியாகப் போக வர நூறு. பிளஸ் ஒன்னும் இதுவும் ஒருசேர நடக்காது. பிளஸ் டூவைப் பிறகு தனித்தேர்வராக எழுதிக்கொள்ளலாம் என்பதையும் அவளே விசாரித்து வைத்திருந்தாள்.

ஓசூரில் பத்தாவதுக்குப் பிறகு என்ன என்பதற்குத் தயாரான பதில்கள் உண்டு. எழுபதுகளில் சிப்காட் வந்தது. பின்னால் லேலண்டும் டி.வி.எஸ்ஸும் டைட்டனும் வந்தன; அவற்றுக்கு உதிரிப் பாகம் செய்து கொடுக்கும் நூற்றுக்கணக்கான பட்டறைகள் வந்தன. ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், அப்ரண்டிஸ். நானும் அந்த வழியில் வந்து ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறவன். இந்த ஊரில் ஒரு சான்றிதழின் மதிப்பு அது எந்தக் கேட்டைத் திறக்கும் என்பதில் இருக்கிறது. நாட்டியச் சான்றிதழ் எந்தக் கேட்டையும் திறக்காது என்று அவளிடம் சொன்னேன். சொன்ன குரல் என்னுடையதாக இல்லை. எங்கள் சூப்பர்வைசருடையதாக இருந்தது. பழமையை எதிர்த்து எழுதியவன் பிழைப்பின் பெயரால் பேசினேன். பழமைவாதியாவது கலையின் பெயரால் பேசியிருப்பான்.

எல்லைக்கு அப்பாலிருந்து வந்து எங்கள் தெருவில் குடியிருந்த ஒரு டீச்சரிடம் மூன்று வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளில் கற்றிருந்தாள். அந்த அம்மாள் கர்நாடகத்தின் ஜூனியர், சீனியர் பரீட்சைகள் எழுதியவர். பத்தாவது வந்ததும் நாங்கள்தான் நிறுத்தினோம். ஒரு வருஷத்தில் உடம்பு மறந்திருந்தது. ஏப்ரல், மே இரண்டு மாதமும் அதைத் திரும்ப நினைவுபடுத்துவதில் போயிற்று. அதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பார்க்க வேண்டிய காலத்தில் பார்க்காததை அப்போதுதான் பார்த்தேன்.

அரைமண்டி என்றால் குதிகால்கள் சேர்ந்திருக்க, முழங்கால்கள் இரண்டு பக்கமும் விரிய, முதுகு வளையாமல் பாதி உட்காருவது. முழங்காலைத் திருப்புவது பாதத்தில் ஆரம்பிக்கக்கூடாது, இடுப்பில் ஆரம்பிக்க வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்ததை அவள் எனக்குச் சொன்னாள். லேத் ஓட்டுகிறவனுக்கு இது உடனே புரியும். இடுப்பு கிண்ணத்தில் உட்கார்ந்த பந்து. பல பக்கம் திரும்பும். முழங்கால் கதவுக் கீல். மடங்கும், நீளும், அவ்வளவுதான். பாதத்தை மட்டும் வெளியே திருப்பிக்கொண்டு உட்கார்ந்தால் கீல் முறுக்கிக்கொள்ளும். வலி பிறகு வரும். அவள் சுவரில் முதுகை ஒட்டி வைத்து இறங்குவாள். நாற்பது எண்ணுவாள், எழுந்திருப்பாள். அடுத்த நாள் நாற்பத்தைந்து.

மூன்று காலமும் அப்படித்தான் எனக்குப் புரிந்தது. தட்டடவை முதல் காலத்தில் ஒரு தட்டாகத் தட்டுகிற நேரத்துக்குள் இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நாலு. வேகத்தைக் கூட்டுகிறார்கள் என்று நினைத்திருந்தேன். லேத்தில் வேகத்தைக் கூட்டினால் எல்லாமே கூடும். தாங்காவிட்டால் டூல் அதிரும். இங்கே தாளம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதற்குள் நடப்பதுதான் இரட்டிப்பாகிறது. என் நாலு பக்கத்தில் ‘இயந்திரத்தனமான அசைவுகள்’ என்று ஒரு சொற்றொடர் எழுதியிருந்தேன். தினம் எட்டு மணி நேரம் இயந்திரத்தின் முன் நிற்கிறவன் அதை எழுதியிருக்கக்கூடாது.

இந்த வயதில் தொடங்கினால் பிந்திவிட்டதில்லையா என்று என் மனைவி கேட்டாள். பாலசரஸ்வதி காஞ்சிபுரத்தில் முதலில் ஆடியது 1925இல், ஏழு வயதில். 1904இல் பிறந்த ருக்மிணி தேவி பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சதிர் கற்கப் போனபோது முப்பதை ஒட்டிய வயது. 1935இல் அடையாறில் மேடையேறினார். 1936இல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கினார். ஏழுக்கும் முப்பதுக்கும் நடுவே பதினாறு எங்கே இருக்கிறது என்று மகள் கேட்டாள். எனக்கு உறுத்தியது வேறு. முதலாமவருக்கு அது வீட்டில் தலைமுறைகளாக இருந்தது. இரண்டாமவர் வெளியிலிருந்து போய் எடுத்துக்கொண்டார். என் மகளுக்கு வீட்டிலும் இல்லை, போய் எடுத்துக்கொள்ளும் வசதியும் இல்லை. ஏழாம் வகுப்புத் தேறியவர் யாரும் வரலாம் என்று ஒரு அரசாங்க அறிவிப்பு இருக்கிறது. அவளுடைய வாசல் அதுதான்.

வாடகை வீட்டில் டைல்ஸ் தரை. கீழே வீட்டுக்காரர் குடும்பம். தட்டினால் சத்தம் அவர்களுக்கு, அதிர்ச்சி இவள் முழங்காலுக்கு. மே மாதம் தேன்கனிக்கோட்டை ரோட்டில் உள்ள எங்கள் கிராமத்துக்கு அனுப்பினோம். அங்கே அம்மாவின் வீட்டில் ஒரு அறை இன்னும் சாணம் மெழுகிய மண் தரை. மண் தட்டை வாங்கிக்கொள்கிறது, திருப்பி அடிப்பதில்லை.

அம்மாவை அவள் ‘அவ்வ’ என்பாள். எங்கள் வீட்டு மொழி தெலுங்கு. இந்த எல்லையில் அது விசேஷமில்லை. வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், பட்டறையில் பாதிக் கன்னடம். வந்த அன்றே அவ்வ என்னைக் கேட்டாள்: “ஒரே, பிள்ளையை ஆட்டக்காரியாக்கப் போறியா?” அந்தச் சொல்லை அவள் எந்த அர்த்தத்தில் சொன்னாள் என்பது எனக்குத் தெரியும். 1947இல் சட்டம் போட்டுக் கோயில்களிலிருந்து அந்தப் பெண்களை விலக்கினார்கள். ஆட்டம் பெயர் மாறி வேறு வீடுகளுக்குப் போயிற்று. சொல் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது, வசையாக. மகள் பதில் சொல்லவில்லை. உள்ளே போய்த் தட்ட ஆரம்பித்தாள்.

அந்த மாதம் தர்மராஜா கோயிலில் பாரதம் நடந்தது. பகலில் கதை, ராத்திரியில் கூத்து. அர்ச்சுனன் தபசு அன்று விடியும்வரை நானும் மகளும் உட்கார்ந்திருந்தோம். நான் எழுதியது பொய்யில்லை. கிரீடமும் புஜகீர்த்தியும் கட்டிக்கொண்டு ஒருவர் சுழன்று நின்றபோது தரையே ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. திரௌபதி வேஷம் கட்டியவர் பகலில் செங்கல் சூளையில் வேலை செய்கிறவர். அழுதபோது பெண்கள் கூட அழுதார்கள். திரும்பி வரும்போது மகள் கேட்டாள்: “நைனா, இதில் என்னைச் சேர்த்துப்பாங்களா?”

எங்கள் பக்கத்தில் நான் பார்த்த எந்த ஜமாவிலும் பெண் கிடையாது. திரௌபதியும் சுபத்திரையும் ஆண்கள்தான். நம் உடம்பின் மொழி என்று நான் எழுதினேனே, அந்த ‘நம்’முக்குள் என் மகள் இல்லை. அப்போது அவளுக்கு நாலு வயது. எழுதிக்கொண்டிருந்த மேஜைக்கு அடியில்தான் விளையாடிக்கொண்டிருந்தாள். எந்தக் கலை உயிரோடு இருக்கிறது, எது செத்துவிட்டது என்று சபையில் உட்கார்ந்தபடி தீர்ப்புச் சொல்லலாம். ஆடப்போகிறவளுக்கு அந்தக் கேள்வியே இல்லை. எங்கே நிற்க இடம் இருக்கிறது என்பதுதான் அவளுடைய கேள்வி. ஒரு இடத்தில் அவளை விடவில்லை. இன்னொரு இடத்தில், அங்கே நின்றவர்களை வெளியேற்றிய பிறகு விடுகிறார்கள். இரண்டையும் தெரிந்துகொண்டுதான் அவள் கால் வைக்க வேண்டும். இதில் தூய்மையான தேர்வு என்று ஒன்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு சாயங்காலம் போனில் பாலசரஸ்வதி பாடிய பதம் ஒன்றை மகள் கேட்டுக்கொண்டிருந்தாள். க்ஷேத்ரய்யாவினுடையது. பதினேழாம் நூற்றாண்டில் தஞ்சை நாயக்கர் அவை வரைக்கும் வந்த தெலுங்கு. டீச்சர் கொடுத்த நோட்டில் பதங்களுக்குப் பொதுவாக ஒரு அர்த்தம் எழுதியிருந்தது: ஜீவாத்மா பரமாத்மாவுக்காக ஏங்குவது. மகள் அதை மனப்பாடம் செய்திருந்தாள். திண்ணையில் புளி தட்டிக்கொண்டிருந்த அவ்வ கையை நிறுத்தினாள். இன்னொரு தடவை போடச் சொன்னாள். பிறகு தெலுங்கில் சொன்னாள், நான் தமிழில் எழுதுகிறேன்: “அவனைப் போன்னு சொல்றா. போயிடுவானோன்னு பயம். அதனாலேதான் இத்தனை தடவை சொல்றா. இது தெரியலையா உனக்கு?”

மகள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, அவ்வ சொன்னபடி ஒரு தடவை முகத்தில் கொண்டுவரப் பார்த்தாள். போகச் சொல்லும் கை, போகாதே என்கிற கண். முதல் தடவை சரியாக வரவில்லை. “அப்படி இல்லே” என்றாள் அவ்வ. புளி கொட்டும் கையாலேயே ஒரு தடவை காட்டினாள். அது நாட்டியம் இல்லை. தாத்தாவோடு நாற்பது வருஷம் குடித்தனம் நடத்திய கை. ஆனால் அந்தப் பதத்துக்கு நோட்டில் இருந்ததைவிட அதுவே பக்கத்தில் இருந்தது.

பாலசரஸ்வதி 1975இல் தமிழிசைச் சங்கத்து மாநாட்டில் பேசும்போது கச்சேரியைக் கோயிலாக வைத்துச் சொன்னார். அலாரிப்பு கோபுரம், ஜதிஸ்வரம் அர்த்தமண்டபம், இப்படி உள்ளே போனால் பதம் கர்ப்பக்கிரகம். சிருங்காரத்தைக் கழுவித் துடைக்க வேண்டியதில்லை என்பதில் கடைசிவரைக்கும் உறுதியாக இருந்தவர் அவர். நான் படித்திருந்தேன், மேற்கோளாகப் பயன்படுத்தலாம் என்று குறித்தும் வைத்திருந்தேன். கர்ப்பக்கிரகத்தின் மொழி எங்கள் சமையல்கட்டு மொழி என்பது அந்தச் சாயங்காலம்வரை உறைக்கவில்லை. எங்கள் தெலுங்கைக் கொச்சை என்று பள்ளியில் கேலி செய்வார்கள். சென்னை மேடையில் ஆடுகிற பெண்ணில் எத்தனை பேர் அர்த்தத்தை எழுதி வைத்துக்கொண்டு மனப்பாடம் செய்கிறார்களோ, இவள் அந்த மொழியில் திட்டு வாங்கி வளர்ந்தவள். தயாராவது என்றால் இல்லாததைச் சேர்த்துக்கொள்வது என்று நினைத்திருந்தோம். இருப்பதை அடையாளம் தெரிந்துகொள்வதும் அதில் பாதி.

எல்லை விஷயத்திலும் இதுதான். கர்நாடகப் பாணியில் கற்ற அடவுகளைக் கிருஷ்ணகிரியில் ஒப்புக்கொள்வார்களா என்று பயந்தாள். தஞ்சை நால்வரில் மூத்தவர் சின்னையா மைசூர் அரண்மனைக்குப் போனவர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஆட்டம் இந்த எல்லையைத் தாண்டிவிட்டது. அத்திப்பள்ளி செக்போஸ்ட் பிறகு வந்தது. திருத்தச் சொன்னால் திருத்திக்கொள், வெட்கப்பட ஒன்றுமில்லை என்றேன்.

அவ்வ சம்மதிக்கவில்லை. இன்றுவரை சம்மதிக்கவில்லை. பதத்தைத் திருத்திக் கொடுத்தவள், ஊரில் யாராவது கேட்டால் பேத்தி டவுனில் டைப்பிங் படிக்கப்போகிறாள் என்று சொல்கிறாள். இரண்டும் அவள்தான். நான் அதைச் சமாதானப்படுத்தி எழுத விரும்பவில்லை.

விண்ணப்பத்தை மகளே நிரப்பினாள். பெற்றோர் கையொப்பம் மட்டும் பாக்கி. அன்று ராத்திரி எல்லோரும் தூங்கியபின் அந்த மண் தரை அறைக்குப் போய்ச் சுவரில் முதுகை வைத்து, குதிகால்களைச் சேர்த்து, இடுப்பிலிருந்து திருப்பி இறங்கிப் பார்த்தேன். இருபத்திரண்டு எண்ணியதும் தொடை நடுங்கியது. முப்பதில் விழுந்தேன். சத்தம் கேட்டு அவ்வ யாரது என்றாள். பூனை என்றேன்.

காலையில் கையெழுத்துப் போட அவள் பாரத்தைத் தரையில் விரித்து வைத்தாள். உட்கார முடியவில்லை. ஜன்னல் கட்டையில் வைத்து, நின்றபடியே போட்டேன்.