பியர்க் கணக்கில் விடுபட்ட காற்று

இங்கிலாந்து நகரமொன்றின் மாடிக்குடியிருப்பில், ஒடுங்கிய குசினியொன்றுள் மாதந்தோறும் பியர் காய்ச்சும் ஒருவனை எண்ணிப் பார்க்கலாம். அவனுடைய கணக்குப் புத்தகம் செம்மையானது. முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமை, ஹொப் பூ, மதுவம், போத்தல் ஆகிய அனைத்திற்கும் விலை குறித்து, தன் பியர் கடைப் பியரினும் மலிவென்று நண்பர்க்கு நிறுவிக் காட்டுவான். காற்றுக்கு மட்டும் அப்புத்தகத்தில் நிரல் இல்லை.

இப்பழக்கம் அந்நாட்டில் நீண்டகாலம் அரசின் கண்காணிப்பில் இருந்தது. 1880இல் கிளாட்ஸ்ரன் முளைத்தானிய வரியை நீக்கிப் பியர் மீதே வரி விதித்தபோது, வீட்டிற் காய்ச்சுவோரும் உரிமம் பெறவேண்டியதாயிற்று. 1963இல் நிதியமைச்சர் மோட்லிங் அவ்வுரிமத்தை ஒழித்தார். சட்டம் கதவைத் திறந்துவிட்டது. சாளரத்தைத் திறப்பது காய்ச்சுவோன் பொறுப்பாயிற்று.

சாளரம் எதற்கு? தானியச் சாற்றை ஒரு மணி நேரமேனும் மூடாது கொதிக்கவிடுதல் வழக்கம்; வேண்டாத மணங்கள் ஆவியுடன் நீங்கவேண்டும். இருபது லீற்றருக்கு மேற்பட்ட சாறு கொதிக்கையில் மூன்று நான்கு லீற்றர் நீர் ஆவியாகிவிடும். மூன்று மீற்றர் நீளமும் அகலமும், இரண்டரை மீற்றர் உயரமும் கொண்ட குசினியின் வளி, 20 பாகை செல்சியசில் தாங்கக்கூடிய நீராவியோ 400 கிராமுக்கும் குறைவு. எஞ்சியது குளிர்ந்த கண்ணாடியிலும் சுவரிலும் அலுமாரியின் பின்புறத்திலும் நீராய்ப் படியும். சில மாதங்களிற் பூஞ்சணம் கரும்புள்ளிகளாய்த் தோன்றும். நெல் அவிப்பதை முற்றத்தில் வைத்துக்கொண்ட நம் பாட்டிமார் இதனை எண்கள் இன்றியே அறிந்திருந்தனர். சுவரைத் துடைப்பவர் பெரும்பாலும் காய்ச்சியவராய் இருப்பதில்லை. அவ்வுழைப்புக்கும் புத்தகத்தில் நிரல் இல்லை.

நொதித்தலின்போது வெளியேறும் காபனீரொட்சைட்டைப் பற்றிச் சிலர் மிகையாக அஞ்சுவர். 1767இல் லீட்ஸ் நகருக்குக் குடிபெயர்ந்த ஜோசப் பிறீஸ்ற்லி, அயலிலிருந்த பியர் ஆலையின் தொட்டிகள்மேல் தங்கிய வளியிற் சுவாலை அணைவதைக் கண்டார். அவ்வளியை நீரிற் கரைக்கும் முறையை 1772இல் சிறுநூலாக வெளியிட்டார். சோடாவின் வரலாறு பியர் ஆலைக்கருகே தொடங்குவது சுவையான செய்தியே. ஆயினும் ஆலைத் தொட்டி வேறு, வீட்டு வாளி வேறு. இரண்டு கிலோகிராம் சர்க்கரை நொதித்தால் ஏறத்தாழ ஒரு கிலோகிராம், அதாவது 500 லீற்றரளவு வாயு உண்டாகும். அது பல நாட்களில் மெல்ல வெளியேறுவதாற் காற்றோட்டமுள்ள அறையில் தீங்கில்லை.

உண்மையான ஆபத்து அடுப்பில் உள்ளது. மாரியிற் குளிர் தாங்காது, வெளியில் வைத்து எரிப்பதற்கென அமைந்த பெரிய வாயு அடுப்பை உள்ளே கொண்டுவருவோர் உளர். போதிய ஒட்சிசன் இன்றேல் அது நிறமும் மணமுமற்ற காபனோரொட்சைட்டை உமிழும். அதனால் உயிரே போகலாம். வெளியேற்று விசிறியொன்றைப் பூட்டினால் எல்லாம் தீரும் என்பதும் முழு உண்மையன்று. விசிறி தள்ளும் வளிக்கு ஈடான வளி உட்புக வழியில்லையெனின், வெந்நீர்க் கொதிகலனின் திறந்த புகைபோக்கி வழியே அது கீழ்நோக்கி இழுக்கப்படும். மேலே போகவேண்டிய நச்சுப்புகை வீட்டினுள் இறங்கும். ஆகவே விசிறியின் விலையோடு, சுவரைத் துளைக்கும் கூலி, வளி உட்புகும் துவாரம், அதனால் இழக்கும் வெப்பத்தை ஈடுசெய்யும் எரிபொருள் என்பனவும் சேரும்.

மின் அடுப்புக்கு மாறியோர்க்கு ஆவி மட்டுமே எஞ்சும். அதனைக் குளிர்நீர் தெளித்து ஒடுக்கும் கருவிகள் இப்போது விற்பனைக்கு உள்ளன. விசிறிச் செலவு நீர்க் கட்டணமாக மாறுகிறது. மாடிக்குடியிருப்புக்காரனோ மின் அடுப்பிற் பாதியளவே காய்ச்சுகிறான். சாளரத்தை அகலத் திறந்து, கம்பளிச்சட்டை அணிந்து அருகில் நிற்கிறான். மாத முடிவில் நண்பர்க்குக் கொடுக்கப் போத்தல் மிஞ்சுவதில்லை. சுவர் உலர்ந்திருக்கிறது.