சுண்டுவிரல்தானே என்று சொல்லிவிட்டேன்

வழக்கம்போல ஞாயிறு இரவு திரெட். இந்த வாரம் ஒரே விஷயம்தான் சுத்திச் சுத்தி வந்தது, அதனால கொஞ்சம் நீளம். பொறுத்துக்கோங்க.

திங்கட்கிழமை விடியற்காலை, நைட் ஷிஃப்ட் முடியப்போற நேரம். ஓசூர்ல வேலை பார்க்கிற டாக்டருக்கு இந்த நேரம்னாலே கொஞ்சம் பயம். கண்ணு சொக்கும், ஆனா பிரஸ் மெஷின் நிக்காது. ஒரு சின்ன கம்பெனியிலிருந்து ஒடிசா பையன் ஒருத்தனைக் கூட்டிட்டு வந்தாங்க. இருபத்திரண்டு வயசு. வலது கையில் சுண்டுவிரல் இல்லை. கூட வந்தவர் கையில் ஒரு டம்ளர். ஐஸுக்கு நடுவுல விரல்.

விரல் நசுங்கியும் இருந்தது, நேரடியா ஐஸ் பட்டு உறைஞ்சும் இருந்தது. பெங்களூரில் இருக்கிற பிளாஸ்டிக் சர்ஜனுக்கு போட்டோ அனுப்பினேன். ஒட்ட வைக்க முடியாதுன்னுட்டார். காயத்தை மூடித் தைத்தோம்.

இதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. விரல் துண்டானா சுத்தமான ஈரத்துணியில் சுத்தி, பிளாஸ்டிக் கவர்ல போட்டு வாயை இறுக்கிக் கட்டி, அந்தக் கவரை ஐஸ் போட்ட தண்ணியில் வைக்கணும். விரல் மேல ஐஸ் படவே கூடாது. நசுங்காத வெட்டா இருந்தா, அத்திப்பள்ளி டிராஃபிக்கைத் தாண்டிப் போய்ச் சேர நேரம் இருக்கும்.

இன்னொண்ணு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள்ள இருக்கிற தொழிலாளிக்கு, ஒப்பந்தக்காரர் மூலமா வந்தவரா இருந்தாலும், இ.எஸ்.ஐ. உண்டு. வேலையில் அடிபட்டா, இத்தனை மாசம் பணம் கட்டியிருக்கணும்னு கணக்கு கிடையாது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே உரிமை. குணமாகி வேலைக்குத் திரும்புற வரைக்கும் சம்பளத்தில் 90 சதவீதம். இந்தப் பையனுக்கு அது தெரியாது. விபத்து ரிப்போர்ட் போச்சான்னு நான் மூணு தடவை போன் பண்ண வேண்டியிருந்தது.

சரி, என் தப்புக்கு வரேன். தையல் போடும்போது அவன் அழுதுட்டிருந்தான். ஆறுதல் சொல்றதா நினைச்சு, "சோட்டி உங்க்லி ஹை, டென்ஷன் மத் லோ"ன்னேன். (இந்த ஊர்ல தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது, இந்தி எல்லாம் வேணும். எனக்கு எல்லாமே அரைகுறை.) அவன் அழுகையை நிறுத்திட்டு என்னைப் பார்த்தான். அதுக்கப்புறம் ஒரு வார்த்தை பேசலை.

டாக்டரா எனக்கே தெரியும், அது பொய். ஸ்பேனர் முறுக்க, சுத்தியல் பிடிக்க, பஸ் கம்பியில் தொங்க, பிடியோட பலம் சுண்டுவிரல் பக்கம்தான் இருக்கு.

புதன்கிழமை ராத்திரி ஆலிவர் சாக்ஸ் எழுதின ‘எ லெக் டு ஸ்டாண்ட் ஆன்’ புத்தகத்தைத் திரும்ப எடுத்தேன். 1974-ல் நார்வே மலையில் ஒரு காளையைப் பார்த்து மிரண்டு ஓடி விழுந்து, தன் இடது காலில் பலத்த காயம் பட்ட நரம்பியல் டாக்டர். ஆபரேஷனுக்கு அப்புறம் அந்தக் கால் தன்னோடதாவே தோணலைன்னு சொல்றார். சர்ஜன் காதுலயே வாங்கிக்கலை. முன்னாடி படிச்சப்போ அந்த சர்ஜன் மேல கோபம் வந்துச்சு. இந்தத் தடவை அந்தப் பக்கத்தை வேகமாப் புரட்டிட்டேன்.

வியாழன் வீட்டில் ‘லப்பர் பந்து’ பார்த்தோம். எத்தனையாவது தடவைன்னு கேட்காதீங்க. அட்டகத்தி தினேஷ் அந்தப் படத்தில் மட்டையைப் பிடிக்கிற விதத்தைப் பார்த்தா எனக்கு எப்பவும் சிரிப்பு வரும். அன்னைக்கு அவர் விரல்களையே பார்த்துட்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை கட்டு மாத்த வந்தான். நானே முதல்ல மன்னிப்பு கேட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சு, "கிரிக்கெட் ஆட முடியுமா சார்?"னு கேட்டான். ஞாயிறு லீவுல ரூம் பசங்களோட ஆடுறது ஒண்ணுதான் இங்க அவனுக்கு சந்தோஷமாம். பார்த்திவ் படேல் கதையைச் சொன்னேன். ஆறு வயசுல கதவிடுக்குல மாட்டி இடது சுண்டுவிரல் போச்சு. 2002-ல் பதினேழு வயசுல இந்தியாவுக்கு டெஸ்ட் ஆடினார், அதுவும் விக்கெட் கீப்பரா.

பொறுமையாக் கேட்டான். அப்புறம், "நான் பவுலர் சார்" என்றான்.

பதில் இல்லை. ரெண்டு பேரும் சிரிச்சிட்டோம்.

புதன்கிழமை தையல் பிரிக்க வரான். காயம் நல்லா ஆறியிருந்தா பிடிக்குப் பயிற்சி ஆரம்பிக்கணும். பாகலூர் ரோடு கடையில் ஒரு ரப்பர் பந்து வாங்கி வெச்சிருக்கேன்.