தம்பியும் தச்சுக் கருவிகளும்

துணிக்கடைக்குச் செல்வோர்க்குக் கண்ணிருந்தாற் போதும். நகைக்கடைக்குச் செல்வோர்க்குப் பொருளிருந்தாற் போதும். இரும்புக்கடைக்குச் செல்வோர்க்கோ சொல் வேண்டும். பெயர்ப்பலகையில் ஹார்டுவேர் என்றிருப்பினும் ஊரார் வாயில் அஃது இரும்புக்கடையே. அங்கே பண்டங்களைப் பரப்பிவைத்து வருவோரை மயக்குவாரில்லை. மேசைக்குப் பின்னே கூரையளவும் அடுக்கிய பெட்டிகளுள் கீலும் கொண்டியும் திருகாணியும் மறைந்து கிடக்கும். பெயரும் அளவும் சொன்னாலன்றி அவற்றுள் ஒன்றும் வெளிவாராது. கூடையேந்தி உலாவி வேண்டியவற்றை எடுத்துக்கொள்ளும் பெருங்கடைகளும் இக்காலத்து உண்டு. எனினும் சென்னை ஜார்ஜ் டவுனில் யான் புகுந்த கடைகளிற் கண்டது பழைய முறையே.

சென்ற கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை யானும் என் தம்பியும் தாம்பரத்தினின்று மின்ரயிலேறிக் கடற்கரை நிலையத்தில் இறங்கி, செம்புதாஸ் தெருவிற்குச் சென்றோம். நம் கல்லூரி 1937ஆம் ஆண்டில் தாம்பரத்திற்குப் பெயர்வதற்கு முன் நெடுங்காலம் அப்பகுதியிலேதான் இருந்தது. அந்நாளை மாணவர் நாடோறும் இக்கடைகளைக் கண்டிருப்பர். உள்ளே புகுந்தவர் எத்துணைப் பேரோ!

தம்பி எனக்கு இரண்டாண்டு இளையவன். எங்கள் தந்தையார் காலமான ஆண்டில், பத்தாம் வகுப்போடு பள்ளியை விடுத்து, மாமா ஒருவரிடம் தச்சு பழகச் சென்றான். இருவரும் படித்தற்கு இல்லத்திற் பொருளில்லை. மூத்தவர் படிக்கட்டும் என்று அவனே சொல்லி அப்பேச்சை முடித்துவிட்டான். பின்னர் அது வீட்டிற் பேசப்பட்டதேயில்லை. அன்றுமுதல் மாமாவின் கருவிகளையே இரவல் வாங்கி வேலை செய்து வந்தான். சொந்தக் கருவியில்லாதவன் எத்துணைத் திறமையுடையவனாயினும் கையாளாகவே நிற்றல் வேண்டும். தனியே ஒரு கதவு வேலையை ஒப்புக்கொள்ளல் அவனுக்கு இயலாது. ஆதலின், கட்டுரைப் போட்டியில் எனக்குக் கிடைத்த 3,000 ரூபாயை இதற்கென்றே வைத்திருந்தேன்.

கடைக்காரர் முதியவர். "என்ன வேலைக்கு?" என்பதே அவர் முதலிற் கேட்ட வினா. எவ்வளவு விலையில் வேண்டும் என்று தொடங்கும் கடையைவிட, என்ன வேலைக்கு என்று தொடங்கும் கடையே நல்ல கடை என்பது என் துணிபு. "கதவு, சன்னல் வேலைக்கு ஐயா" என்றான் தம்பி. "உளி எத்தனை நூல்?" என்றார் அவர். "நாலு நூலில் ஒன்று, எட்டு நூலில் ஒன்று."

தமிழ் ஆனர்ஸ் பயிலும் யான் அச்சொல்லைக் கேட்டுத் திகைத்து நின்றேன். தொழிலாளர் வழக்கில் எட்டு நூல் கொண்டது ஓர் அங்குலம். எனவே ஒரு நூல் என்பது ஏறக்குறைய 3 மில்லிமீட்டர். மெட்ரிக் அளவைக்கு 1956ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றினர். ஒட்டுப்பலகையும் துளையிடும் அலகும் மில்லிமீட்டரிலேயே விற்கப்படுகின்றன. ஆயினும் நாலு நூல் உளி நாலு நூல் உளியாகவே இருக்கின்றது. மரத்தின் கோணலைத் தீர்க்கும் நூல்போல மனத்தின் கோணலைத் தீர்ப்பது நூல் என்று பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்துட் கூறியதை வகுப்பிற் பன்முறை ஓதியிருக்கிறேன். அம்முனிவர் தச்சரோடு நின்று பேசியவர் போலும் என்று அன்றுதான் எனக்குத் தோன்றியது.

அப்பணத்திற்குள் அடங்குமாறு, சுத்தியல், குறடு, திருப்புளி முதலிய பலவும் பளபளவென்று பதித்த பெட்டியொன்றைக் கடைப்பையன் திறந்து காட்டினான். பார்வைக்கு அழகியது. தம்பி அதனுள்ளிருந்த உளியை எடுத்து முதுகுப்புறம் விரலால் தடவிவிட்டு மெல்ல வைத்துவிட்டான். முதுகு தட்டையாயில்லாத உளி செவ்வையாகச் சீவாதாம். அருகே மின்சாரத் துளைக்கருவி ஒன்றிருந்தது. அதன்மேல் அவன் கை சற்று நேரம் தங்கிற்று. விலையை மட்டும் அவன் கேட்கவில்லை.

மூலைமட்டம் வாங்கிய விதமே எனக்குப் பெருவியப்பளித்தது. நேரான ஓரமுடைய பலகைத்துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, அவ்வோரத்தில் மட்டத்தின் கட்டையை அணைத்து ஒரு கோடு கீறினான். பின் மட்டத்தைப் புரட்டிவைத்து, அதே புள்ளியினின்று மற்றொரு கோடு கீறினான். இரண்டும் ஒன்றாய்ப் படியின் மட்டம் மெய். மேலே செல்லச் செல்ல விலகின் பொய். விலகிய அளவிற் பாதியே மட்டத்தின் பிழை. கருவியைக் கொண்டே கருவியைச் சோதிக்கும் இம்முறைக்கு வேறு சாட்சி வேண்டுவதில்லை. மூன்று மட்டங்களைச் சோதித்து மூன்றாவதை எடுத்தான். ரம்பத்தை வில்லாளிபோலக் கண்ணுக்கு நேரே பிடித்து, பற்கள் ஒன்றுவிட்டு ஒன்று இருபுறமும் சாய்ந்திருத்தலைப் பார்த்தான். அச்சாய்வு இல்லையேல் ரம்பம் மரத்துட் சிக்கிக்கொள்ளும். ஓர் இழைப்புளியும் உப்புத்தாள் சிலவும் எடுத்துக்கொண்டோம். (உப்புத்தாளில் உப்பில்லை, அதன் எண் ஏற ஏறப் பொடி நுண்ணிதாகும்.) சுத்தியல் வாங்கவில்லை, தந்தையாருடையது வீட்டிலுண்டு.

நம் ஆண்டவரை ஊரார் தச்சரென்று அழைத்ததை மாற்கு எழுதிய சுவிசேஷத்தின் 6ஆம் அதிகாரத்திற் காண்கிறோம். அவர் தம் கருவிகளை எங்கு வாங்கினார், எவ்வாறு சோதித்தார் என்பதைச் சுவிசேஷகர் நால்வருள் ஒருவரும் எழுதாமற் போயினர்.

பணம் கொடுத்தவன் யானாயினும், கடைக்காரர் விலையை அவனிடமே சொன்னார். "தம்பி படிக்கிறீர்களா?" என்று இடையே கேட்டார். "அண்ணன் படிக்கிறார்" என்றான் அவன். அவர் என்னை ஒருமுறை நோக்கிவிட்டு, ரசீதில் நூறு ரூபாய் குறைத்தெழுதினார். அது யாருக்காகக் குறைத்தது என்று தெரியவில்லை.

ரயிலில் இடங்கிடைத்தது. தம்பி மூலைமட்டத்தை உறையினின்று எடுத்து, என் மடிமேலிருந்த நன்னூலின் மூலையில் வைத்துப் பார்த்தான். "கோணல் அண்ணா" என்றான். இருவரும் நகைத்தோம்.

மறுநாள் ஆராதனை முடிந்து வந்தபின் எங்கள் அடுக்களைக் கதவைக் கழற்றினான். மழை தொடங்கியது முதல் அம்மா அதனைத் தோளால் இடித்தே திறந்து வந்தார்கள். யான் இன்னும் இழைக்கலாமே என்றேன். "வேண்டாம் அண்ணா, மரம் இப்போது ஈரத்தில் பெருத்திருக்கிறது, சித்திரையில் சுருங்கும்" என்று சொல்லி, அரை நூலளவே இழைத்து நிறுத்தினான். அன்று மாலை அம்மா ஒரு கையில் பால் பாத்திரத்தோடு வந்து, மற்றக் கையால் அக்கதவைத் தள்ளினார்கள், அது திறந்தது.