சுறாவுக்குத் தூண்டில் போட்டால்...

கயாக் பார்த்திருப்பீர்கள். ஒரே ஒரு ஆள் காலை நீட்டி உட்கார்கிற மாதிரி ஒல்லியான சின்னப் படகு. இரண்டு முனையிலும் மட்டை வைத்த ஒற்றைத் துடுப்பு. நீளம் பத்துப் பன்னிரண்டு அடி. உட்கார்ந்தால் நம் இடுப்புக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு ஜாண் இருந்தால் அதிகம். இந்தச் சாமானில் ஏறி, தன்னைவிட நீளமான சுறாவுக்குத் தூண்டில் போடுகிற ஆட்கள் உலகத்தில் இருக்கிறார்கள் மக்களே! தலையில் கேமராவைக் கட்டிக்கொண்டு போய் யூடியூபில் வேறு போடுகிறார்கள். ராத்திரி பத்து மணிக்கு ஒன்றைப் பார்க்க ஆரம்பித்தால் தூக்கம் போச்சு.

அதில் எனக்குப் பிடித்தது சுறா வாயைப் பிளக்கிற காட்சி இல்லை. அதற்கு முன்னால் வருகிற ஒரு நிமிடம். தூண்டில் சக்கரம் "கிர்ர்ர்" என்று கத்தும், நரம்பு ஓடும், அப்புறம் படகே மெல்ல நகர ஆரம்பிக்கும். துடுப்பு மடியில் கிடக்கிறது, காற்று இல்லை, ஆனால் படகு போகிறது. மாடு முன்னால் கண்ணுக்குத் தெரியாமல் வண்டி மட்டும் ஓடுகிற மாதிரி. இதில் ஒரு கணக்கு இருக்கிறது. கரையில் நின்று பிடித்தால் சுறாவின் முழு பலமும் நரம்பின் மேல் விழும். பட்டென்று அறுந்துவிடும். கயாக்கில் இருந்தால் படகும் கூடவே வழுக்கிக்கொண்டு வருவதால் நரம்பு தப்பிக்கும், படகை இழுத்து இழுத்து சுறா களைக்கும். அதாவது படகுதான் பிரேக். படகில் நாமும் இருக்கிறோம் என்பது மட்டும்தான் பிரச்சினை :-)

மீன் நேர் முன்னால் இழுக்கிறவரை ஆபத்தில்லை. பக்கவாட்டில் இழுத்தால், இல்லை படகுக்கு அடியில் போய் மறுபக்கம் வந்தால், கவிழ்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் அனுபவசாலிகள் தூண்டில் கோலை எப்போதும் முனைப் பக்கம்தான் நீட்டிப் பிடிக்கிறார்கள், நரம்பை அறுக்க கத்தியைக் கைக்கெட்டுகிற இடத்தில் வைத்திருக்கிறார்கள். கொக்கிக்கும் நரம்புக்கும் நடுவே எஃகுக் கம்பி வேண்டும். பல்லுக்காக மட்டும் இல்லை, சுறாவின் தோலே உப்புத்தாள் மாதிரி. தோல் முழுக்கப் பொடிப் பொடியாகப் பல் போன்ற செதில்கள். வால் பக்கம் உரசினாலே நரம்பு போய்விடும். இவ்வளவும் தாண்டி மீனைப் பக்கத்தில் கொண்டுவந்தாகிவிட்டது, இனி என்ன செய்வது? இங்கேதான் பலருக்கு முழி பிதுங்குகிறது. கொக்கியைக் கழற்றக் கையை நீட்டுகிற அந்த நேரம்தான் உண்மையான ஆபத்து.

சுறா கடித்து உலகம் முழுக்க வருடத்துக்குச் சராசரியாக ஐந்தாறு பேர்தான் சாகிறார்கள். அமெரிக்காவில் ஃப்ளோரிடாவில் இந்தக் கணக்கை வைத்திருக்கிறார்கள். அவர்கள் கடியை இரண்டாகப் பிரிக்கிறார்கள். சும்மா நீந்தியவனைக் கடித்தால் ஒரு பட்டியல். தூண்டிலில் மாட்டி, கொக்கி கழற்றப் போனவனைக் கடித்தால் அது "வம்புக்கு இழுத்து வாங்கிய கடி" என்று தனிப் பட்டியல். சுறாவுக்கும் நியாயம் பார்க்கிறார்கள் பாருங்கள்! ஆனால் வம்புக்கே போகாதவனுக்கும் நடக்கும். 2023 மே மாதம் ஹவாயில் ஓஹு தீவுக்குப் பக்கத்தில் கயாக்கில் வேறு மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒருவரின் படகை ஒரு புலிச்சுறா பாய்ந்து வந்து கடித்தது. காலால் தள்ளிவிட்டுத் தப்பித்தார். எல்லாம் அவர் கேமராவில் பதிவாகி உலகமே பார்த்தது. இத்தனைக்கும் அந்த ஹவாயில் 2022 ஜனவரி முதல் தெரிந்தே சுறா பிடிப்பது சட்டப்படி குற்றம்.

சரி, இதெல்லாம் வெள்ளைக்காரன் விளையாட்டு என்று விட்டுவிட முடியவில்லை. ஏனென்றால் ஆளும் கடலும் ஒரு ஜாண் இடைவெளியில் இருக்கிற படகு நம்முடையதும்தான். கட்டுமரம். அந்த ஒரு ஜாண்கூட அதில் கிடையாது. மூன்று நான்கு மரங்களைக் கயிற்றால் கட்டியிருப்பார்கள், இடுக்கு வழியே தண்ணீர் மேலே வரும், மடக்கிய கால் எந்நேரமும் ஈரம். பள்ளம் இல்லாததால் தண்ணீர் நிரம்பி மூழ்காது. கவிழும், திருப்பிப் போட்டு ஏறிக்கொள்ளலாம். கரைக்கு வந்ததும் அவிழ்த்து மரங்களைக் காயப் போடுவார்கள், ஊறிப்போனால் பாரம் ஏறிவிடும். இங்கிலீஷ்காரனின் "கேட்டமரான்" இந்தச் சொல்தான் என்பது எல்லோருக்கும் தெரிந்த பெருமை. இதில் போய்க் கைக்கயிறும் பெரிய இரும்புக் கொக்கியுமாகச் சுறா பிடித்தார்கள் என்பதை அவ்வளவாக யாரும் பெருமையாகச் சொல்வதில்லை. சக்கரம் கிடையாது, நரம்பு உள்ளங்கையில் ஓடும். உயிர்காப்புச் சட்டையா? நல்ல கதை!

எத்தனை பழசு என்று தேடப்போய் குறுந்தொகையில் மாட்டிக்கொண்டேன். 269ஆவது பாட்டு, கல்லாடனார் எழுதியது. அதில் ஒரு பெண் புலம்புகிறாள்: அப்பாவுக்குச் சுறா தாக்கிய புண் ஆறிவிட்டது, திரும்பக் கடலுக்குப் போய்விட்டார், அம்மா உப்பு விற்று நெல் வாங்கப் போயிருக்கிறாள், வீட்டில் யாரும் இல்லை, இப்போது வந்தால் என்னைப் பார்க்கலாம் என்று அவனிடம் போய்ச் சொல்ல ஆள் கிடைத்தால் நன்றாக இருக்குமே... அந்தக் கால மிஸ்டு கால்! வகுப்பில் இதைக் காதல் பாட்டு என்று நடத்துவார்கள். காதல் பாட்டுதான். ஆனால் எனக்கு அந்த அப்பாதான் நிற்கிறார். புண் ஆறுகிறவரை வீட்டில் இருந்தார், ஆறியதும் போய்விட்டார். மகள் அதைச் சொல்கிற தொனியில் வியப்பு இல்லை, பயமும் இல்லை. அப்பா ஆபீஸ் போய்விட்டார் என்கிற மாதிரி சொல்கிறாள்.

பட்டினப்பாலையில் பரதவர்கள் பௌர்ணமி அன்று கடலுக்குப் போகாமல் சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டதாக வருகிறது. கொம்பு என்பது வேளா மீனின் ரம்பம் போன்ற மூக்காக இருக்க வேண்டும். தன்னைக் கொல்லக்கூடியதையே நட்டு வைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள். இன்றைக்கு அந்த வேளா இந்தியச் சட்டத்தில் புலிக்குச் சமம்.

அந்தச் சட்டக் கதையைச் சொல்ல வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்தில், கேரள எல்லையை ஒட்டி, நீரோடி முதல் இரையுமன்துறை வரை வரிசையாக எட்டு மீனவ ஊர்கள். நடுவில் தூத்தூர். சுறா பிடிப்பதில் இந்தியாவில் இவர்களை மிஞ்ச ஆளில்லை. கட்டுமரத்திலும் வள்ளத்திலும் ஆரம்பித்தவர்கள், பிறகு விசைப்படகு வாங்கி, கிலோமீட்டர் கணக்கில் நீளும் ஆயிரக்கணக்கான கொக்கிகள் கோத்த தூண்டிலோடு லட்சத்தீவு, குஜராத் என்று வாரக்கணக்கில் போகிறவர்கள். 2001 ஜூலையில் மத்திய அரசு எல்லாச் சுறாவையும் திருக்கையையும் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டது. ஒரே நாளில் பரம்பரைத் தொழில் வேட்டைக் குற்றம் ஆகிவிட்டது. போராட்டம் நடந்து, அந்த டிசம்பரிலேயே பட்டியல் பத்து இனங்களாகச் சுருங்கியது. 2013இல் இறக்கையை மட்டும் அறுத்துக்கொண்டு உடலைக் கடலில் வீசக்கூடாது என்று விதி வந்தது. 2015இல் சுறா இறக்கை ஏற்றுமதிக்கே தடை. 2022 சட்டத் திருத்தத்தில் பட்டியல் மறுபடி நீண்டது.

சுறா பக்கமும் நியாயம் இருக்கிறது. தாமதமாகப் பருவத்துக்கு வருகிற மீன், குட்டியும் கொஞ்சம்தான். மத்தி மாதிரி லட்சக்கணக்கில் பெருகாது. 1970க்குப் பிறகு ஐம்பது வருடத்துக்குள் பெருங்கடல் சுறாக்களும் திருக்கைகளும் 71 சதவீதம் குறைந்துவிட்டதாக 2021இல் ஒரு ஆய்வு வந்தது. பிடித்துவிட்டுத் திரும்ப விட்டுவிடுகிறோம் என்று கயாக்காரர்கள் சொல்கிறார்கள். கொம்பன் சுறா மாதிரி சில இனங்கள் தூண்டிலில் போராடிய களைப்பிலேயே, விட்ட பிறகு செத்துப்போகின்றன. அது வீடியோவில் வராது.

பி.காம். படிக்கிறவன் என்பதால் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. ரிஸ்க் கூடினால் ரிட்டர்னும் கூடவேண்டும் என்று பாடத்தில் படிக்கிறோம். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியாச்சு. சுறாவில் அந்தச் சூத்திரம் எடுபடவில்லை. கறி மலிவு, இறக்கைதான் காசு. அந்த இறக்கை கரையில் வியாபாரி கைக்குப் போய், ஏற்றுமதியாளர் கைக்குப் போய், ஹாங்காங்கில் சூப்பாகிறபோது விலை எங்கேயோ நிற்கும். உள்ளங்கை கிழிந்தவனுக்கு வந்தது முதல் படி விலை.

ரிஸ்குக்கு ஒழுங்காகக் கூலி வாங்கிய ஒரே ஆள் வேறு ஒருவர். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், குளிக்கிறவர்களைச் சுறா தீண்டாமல் இருக்க மந்திரம் போடுகிறவர் ஒருவர் இருந்தார். கடல்கட்டி என்று பெயர். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோ எழுதுகிறார்: ராஜாவுக்குப் பத்தில் ஒரு பங்கு, மந்திரக்காரருக்கு இருபதில் ஒரு பங்கு. அதாவது ஐந்து சதவீத பிரீமியம்! சாயங்காலமானால் கட்டை அவிழ்த்துவிடுவாராம், ராத்திரி யாரும் திருட்டுத்தனமாகக் குளிக்கக்கூடாது என்பதற்காக. இன்சூரன்ஸும் வாட்ச்மேன் வேலையும் ஒன்றாக. வெள்ளைக்காரக் கம்பெனிகூட அவருக்குச் சம்பளம் கொடுத்தது. மந்திரத்தில் நம்பிக்கை இருந்ததோ இல்லையோ, அவர் இல்லாமல் ஆட்கள் தண்ணீரில் இறங்கமாட்டார்கள். அவர் கடலில் இறங்கவே வேண்டியதில்லை என்பதையும் கவனிக்கவும்.

கடலே தெரியாத ஆலங்குளத்துக்காரனுக்கு ஏன் இந்த அக்கறை என்று கேட்கலாம். எங்கள் ஊரில் இருந்து கடல் எப்படிப் பார்த்தாலும் எழுபது எண்பது கிலோமீட்டர். சுறா எங்களுக்கு வருவது கருவாடாகத்தான், இல்லையென்றால் பிள்ளை பெற்ற வீட்டில் பால்சுறாப் புட்டாக. ஆனால் இந்த த்ரில் சமாச்சாரம் எங்களுக்கு நன்றாகவே தெரியும். தீபாவளிக்கு ராக்கெட் மேலே போகும்போது அண்ணாந்து பார்க்கிற பிள்ளைக்கு த்ரில். அதே மருந்தை வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு அறைக்குள் உட்கார்ந்து செலுத்துகிற அக்காவுக்கு அது இத்தனை கிராஸ், இத்தனை ரூபாய். 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டியில் 35 பேருக்கு மேல், 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல். மறுநாள் பேப்பரில் "மருந்து உராய்வு" என்று இரண்டு வார்த்தை வரும். கொஞ்ச நாள் ஆலைகள் மூடியிருக்கும். அப்புறம் காலையில் ஆள் ஏற்ற வேன் வந்து நிற்கும், ஏறுவார்கள். குறுந்தொகை அப்பா மாதிரியேதான்.

இதைச் சொல்லும்போது அவர்களை வீரர்கள் என்று தூக்கிவைக்கவும் எனக்கு இஷ்டம் இல்லை, பாவம் என்று உச்சுக்கொட்டவும் இஷ்டம் இல்லை. தூத்தூர்க்காரர்கள் பயந்தது சுறாவுக்கு இல்லை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது அவர்கள் ஆழ்கடலில் இருந்தார்கள். எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. குமரி மாவட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட மீனவர்கள் போய்விட்டார்கள், பலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. கயாக்கில் போகிறவன் மேகம் கறுத்தால் அன்றைக்குப் போகமாட்டான். அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் அது பெரிய வித்தியாசம்.

இவ்வளவு சொன்ன பிறகும் "மச்சான், நம்ம கடல்ல கயாக் எடுத்துட்டுப் போனா என்ன?" என்று கேட்கப்போகிற நண்பர்களுக்கு: மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றி 1986 முதல் தேசியப் பூங்கா, அங்கே தூண்டிலே போடக்கூடாது. வெளியே போட்டு, மாட்டியது எந்தச் சுறா என்று தெரியாமல் தூக்கி, அது முதல் அட்டவணையில் இருந்துவிட்டால் குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஏழு வருடம் உள்ளே. சும்மா துடுப்புப் போட ஆசையென்றால் ராமேஸ்வரம் பக்கமும் கோவளத்திலும் வாடகைக்குக் கயாக் கிடைக்கிறது, நானும் வருகிறேன். எனக்குத் தெரிந்தது கிணற்று நீச்சல்தான், அதனால் உயிர்காப்புச் சட்டை முதலில் எனக்கு.