மாவில் கற்ற பாடம்

அரபு அகராதிகளில் ‘இத்ரிய்யா’ என்றொரு சொல் உண்டு. பிசைந்த மாவை நூல்போல் ஆக்கிச் சமைக்கும் உணவு என்பது அதன் பொருள். 1037-ல் மறைந்த மருத்துவ மேதை இப்னு ஸீனா, தம் நாட்டில் இதனை ‘ரிஷ்தா’ என்பர் என்று குறித்திருக்கிறார். பார்ஸி மொழியில் ரிஷ்தா என்றால் நூல். ஸிஸிலி மன்னர் இரண்டாம் ரோஜருக்காக 1154-ல் புவியியல் நூல் இயற்றிய அல் இத்ரீஸி, பலெர்மோவுக்கு அருகிலுள்ள ஓர் ஊரில் நீரோட்டத்தையும் ஆலைகளையும் கண்டு எழுதும்போது, அங்கு இத்ரிய்யா ஏராளமாகச் செய்யப்பட்டு முஸ்லிம் நாடுகளுக்கும் கிறிஸ்தவ நாடுகளுக்கும் கப்பலேறியதாகச் சொல்கிறார். இன்று பாஸ்தா என்று உலகெங்கும் வழங்கும் இத்தாலிய உணவின் பழைய வரலாற்றில் இது முக்கியமான சான்று. பதினாறாம் நூற்றாண்டில் நம் பழவேற்காட்டில் வந்து தங்கிய போர்த்துக்கீசியரின் மொழியில், சேமியாவுக்கு இன்றும் ‘அலெட்ரியா’ என்றே பெயர்.

மத்ரஸாவில் பாடம் நடத்தும்போது இவற்றையெல்லாம் சொல்லிவிட்டு, “நம் வீட்டு இடியாப்பம் இதற்கு உறவு” என்று முடிப்பேன். மாணவர்கள் மகிழ்வார்கள். ஆனால் அந்த உறவை ஒருநாளும் என் கையால் செய்தவனல்லன் நான்.

நாங்கள் குடியிருப்பது கும்மிடிப்பூண்டி. மகனுக்குச் சிப்காட் தொழிற்சாலை ஒன்றில் வேலை. முதல் ஷிப்ட் வரும் வாரங்களில் விடியுமுன்பே புறப்பட்டுவிடுவான். அவனுக்காக என் மனைவி நான்கு மணிக்கு எழுந்து இடியாப்பம் பிழிவாள். பழவேற்காட்டில் பிறந்தவள், சிறு வயதில் பனையோலைப் பெட்டி முடைந்து பழகிய கை அவளுடையது. சென்ற ஆண்டு அந்தக் கையின் மணிக்கட்டு வீங்கியது. அழுத்திச் செய்யும் வேலை கூடாதென்று மருத்துவர் சொல்லிவிட்டார். “கடையில் வாங்கிக்கொள்ளலாம்” என்றான் மகன். அவள் ஒன்றும் சொல்லவில்லை; அச்சைத் துடைத்துப் பரணில் வைத்தாள். அவள் வைத்த விதம் என் மனத்தை உறுத்தியது. மறுநாள் அதை எடுத்துக்கொண்டு நான் அடுக்களைக்குள் போனேன்.

முதல்நாள் தோல்வி. கொதித்த நீரை இறக்கி வைத்துவிட்டு, மாவு டப்பாவையும் உப்பையும் தேடி எடுப்பதற்குள் நீர் ஆறிவிட்டது. பிழிந்தவை இழையாக நில்லாமல் துண்டு துண்டாக விழுந்தன. வாசற்படியில் நின்றிருந்த மனைவி சொன்னாள்: “தளதளன்னு கொதிக்கையிலேயே ஊத்தணுங்க. ஆறின தண்ணியில மாவு சேராது.”

காரணத்தைப் பின்னரே அறிந்தேன். கோதுமையில் இழுத்தால் நீளும் புரதம் உண்டு. ஆதலால் ஐரோப்பிய இல்லங்களில் கோதுமை மாவை முட்டையிட்டோ வெறும் நீர் விட்டோ பிசைந்து, சற்றுநேரம் மூடி வைத்து, மெல்லிய தகடாகத் தேய்த்து நறுக்குகிறார்கள். அரிசியில் அத்தகைய புரதம் இல்லை. கொதிநீர் பட்டு அதன் மாச்சத்து குழைந்தால்தான் மாவு ஒன்றையொன்று பற்றும். அகப்பைக் காம்பால் கிளறி, கை பொறுக்கும் சூட்டிலேயே பிசைந்து, ஆறுமுன் பிழிந்துவிட வேண்டும். நீர் மிகுந்தால் இழைகள் ஒட்டிக்கொள்ளும். குறைந்தால் அச்சு இறங்காது.

இரண்டாம் நாள் நீர் குறைந்துவிட்டது. உடம்பின் பாரம் முழுவதையும் அச்சின்மேல் வைத்து அழுத்தினேன். மூன்றாம் தட்டுக்கு வருமுன் தோள் கழன்றுவிடும் போலிருந்தது. “இத்தனை வருஷம் இதை எப்படித்தான் செய்தாய்?” என்று கேட்டேன்.

“கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்” என்றாள்.

கோபமில்லாமல்தான் சொன்னாள். எனினும் அன்று சுபுஹு தொழுகைக்குப் பின் நெடுநேரம் பள்ளிவாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் வினவப்பட்டபோது, தம் குடும்பத்தாரின் வேலையில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்படுவார்கள் என விடையளித்த செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. அந்த ஹதீஸில் வேலையைக் குறிக்கும் ‘மிஹ்னத்’ என்னும் சொல்லின் முதலெழுத்துக்குக் கஸ்ராவா, ஃபத்ஹாவா என்று ஆண்டுதோறும் மாணவர்களுக்கு விளக்கி வந்தவன் நான். இரண்டும் சரியென்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டிவிடுவேன். அவ்வேலையின் பாரம் இன்னதென்று என் தோளுக்கு அன்றுதான் தெரிந்தது.

நான்காம் நாள் இழை அறாமல் இறங்கியது. ஆவி படிந்த தட்டை இறக்கி முதல் இடியாப்பத்தை அவள் முன் வைத்தேன். விரலால் தொட்டுப் பார்த்து, “உப்புதான் கொஞ்சம் கம்மி” என்றாள். பிறகு தேங்காய்ப்பால் ஊற்றி முழுவதையும் உண்டாள். முதல் தட்டை அவள் உண்டு அதுவரை நான் கண்டதில்லை. எங்கள் வீட்டில் அது எப்போதும் என்னிடமோ மகனிடமோதான் வரும்.

முதல் ஷிப்ட் வாரங்களில் இப்போது அச்சு என் பொறுப்பு. பரணுக்கு அது திரும்பவில்லை. இத்ரிய்யா பாடம் வரும்போது மாணவர்களிடம் கொதிநீரைப் பற்றியும் சொல்கிறேன். இதைப் படிக்கும் சகோதரர்கள் ஒரு நாள் விடியலில் அச்சைக் கையில் எடுத்துப் பார்க்கட்டும். அதற்கு முன், அதைப் பிழிந்து வரும் கை வலிக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கட்டும்.