கூண்டைத் திறப்பதே அன்பாகுமா?

தமிழிலக்கியத்தில் கிளிக்குத் தனியிடம் உண்டு. குறிஞ்சி நிலத் தலைவி தினைப்புனம் காத்தபோது ஓட்டியது கிளியை. பிற்காலப் புலவர்கள் தூது விட்டதும் கிளியை. பலபட்டடைச் சொக்கநாதப் புலவரின் ‘அழகர் கிள்ளைவிடு தூது’ அவ்வகையில் தமிழுலகம் நன்கறிந்த நூல். புனத்தினின்று ஓட்டப்பட்ட கிளியாயினும் தூது சென்ற கிளியாயினும், பறந்தால்தான் அதற்குப் பெருமை. அதனால்தான் கூண்டுக்கிளி என்றதும் நம் உள்ளம் இரங்குகிறது. ‘திறந்துவிடுங்கள்’ என்று நா முந்துகிறது. இவ்விரக்கம் உயர்ந்ததே. ஆயினும், எல்லாப் பறவைக்கும் இது பொருந்துமா என்று எண்ணிப் பார்க்குமாறு செய்தது, எம் குடும்பத்தில் வளர்ந்த ஒரு சிறு பறவையும் அதனை வளர்த்த ஓர் இளைஞனும்.

காயல்பட்டினத்தில் பெண்மக்கள் திருமணத்திற்குப் பின்னரும் தாய்வீட்டிலேயே வாழ்வது வழக்கம். எம் தமக்கையார் எம் தந்தையாருடன் வாழ்ந்து வருவதும் அவ்வாறே. தமக்கையாரின் கணவர் ஜித்தாவில் பணியாற்றுபவர். இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை விடுப்பில் வருவார். 2018-ஆம் ஆண்டு விடுப்பு முடிந்து புறப்படுவதற்கு முந்திய வாரத்தில், பதின்மூன்று வயது மகனைத் தூத்துக்குடிக்கு அழைத்துச் சென்று ஒரு பறவையை வாங்கித் தந்தார். பச்சை உடல், செந்நிறம் தோய்ந்த முகம். சிறுவன் அதற்குப் ‘பவளம்’ என்று பெயரிட்டான்.

நம் ஊர்க் கடைகளில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று விற்கப்படுபவற்றுள் பெரும்பாலானவை உண்மையில் அப்பறவைகள் அல்ல. அவை ஆஸ்திரேலியாவின் ‘பட்ஜரிகர்’ என்னும் சிறு கிளிகள். ஜான் கூல்டு என்னும் பறவையியலாளர் 1840-ஆம் ஆண்டு உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டு சென்று பரப்பியவை. மெய்யான லவ் பேர்டின் தாயகம் ஆப்பிரிக்கா. அவற்றுள் ஒன்பது இனங்கள் உள்ளன. எட்டு ஆப்பிரிக்கப் பெருநிலத்தையும் ஒன்று மடகாஸ்கர் தீவையும் சேர்ந்தவை. ‘அகப்போர்னிஸ்’ என்னும் அவற்றின் அறிவியற் பெயர், அன்பு, பறவை என்று பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களால் ஆனது. பவளம், நமீபியா முதலிய வறண்ட நிலங்களில் கூட்டமாக வாழும் இனத்தது. ஐம்பது கிராம் எடையுள்ள அந்தச் சிற்றுயிர், எம் தந்தையாரின் வீட்டில் இனத்துணையின்றி வந்து சேர்ந்தது. சிறுவனும் அப்போது தந்தையைப் பிரிந்தவனாய் இருந்தான்.

துணையை இழந்த லவ் பேர்டு ஏங்கியே இறந்துவிடும் என்று பலர் சொல்லக் கேட்டிருப்போம். அது கற்பனை. கூட்டத்தோடு வாழப் பிறந்த பறவை தனித்துவிடப்பட்டால், தன்னோடு நாள்தோறும் பேசிப் பழகுபவரையே துணையாகக் கொள்ளும் என்பதே உண்மை. பவளம் சிறுவனின் தோளில் அமர்ந்து அவன் புருவ மயிரை அலகால் நீவிவிடும். கணக்கு நோட்டின் ஓரங்களை அளவெடுத்தாற்போல் நீள நீளமாகக் கத்தரித்து, அந்நறுக்குகளைத் தன் பின்புறச் சிறகுகளுக்கிடையே செருகிக்கொள்ளும். கூடு கட்டும் பொருளை இவ்வாறு சுமந்து செல்வது அவ்வினத்துப் பெண் பறவையின் இயல்பு. கட்டுவதற்குக் கூடில்லை, ஆயினும் சுமக்கும் பழக்கம் அதன் குருதியில் இருந்தது.

தந்தை சென்றபின் வாய்மூடியிருந்த சிறுவன், மெல்ல மெல்லப் பறவையிடம் பேசத் தொடங்கினான். பின்னர் வீட்டாரிடமும் பேசினான். இவ்வளவோடு நின்றிருந்தால், அதனை விளையாட்டு என்றே கருதியிருப்போம். அவனோ அதற்காக உழைக்கவும் செய்தான். தினையும் நீரும் காலைதோறும் மாற்றுவான். கூட்டின் அடித்தட்டைத் தானே கழுவுவான். கடற்கரையில் ஒதுங்கும் கணவாய் ஓட்டைப் பொறுக்கிவந்து, நன்னீரில் பலநாள் ஊறவைத்து உலர்த்திக் கூண்டில் கட்டுவான். பறவைக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து அதில் உண்டு. நான்ஸ்டிக் பாத்திரம் மிகையாகச் சூடேறினால் எழும் ஆவி சிறு பறவைகளைக் கொல்லும் என்று படித்தறிந்து, கூண்டை அடுக்களைப் பக்கமிருந்து முற்றத்துத் தாழ்வாரத்திற்கு மாற்றினான். பறவைகள் தம் நோயை மறைக்கும் இயல்பின. நலிந்தது வெளிப்பட்டால் பகைக்கு இரையாவோம் என்னும் அச்சம் அவற்றின் பிறப்போடு வந்தது. ஆதலால், வாரந்தோறும் அதன் எடையை ஒரு நோட்டில் குறித்துவந்தான். ஒருமுறை எடை குறைந்தது கண்டு, வேறு அறிகுறி தோன்றுமுன்னரே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசென்று காப்பாற்றினான்.

2022-ஆம் ஆண்டு அவனுக்குச் சென்னைக் கல்லூரியொன்றில் இடம் கிடைத்தது. விடுதியில் பறவைக்கு இடமில்லை. அன்றிரவு வீட்டில் இதுவே பேச்சாயிற்று. எம் தந்தையார் மார்க்கப் பற்று மிக்கவர். “கூண்டைத் திறந்துவிடு, படைத்தவன் பூமியில் அதற்கு இரை வைத்திருப்பான்” என்றார். பூனையொன்றை அடைத்துவைத்து, தானும் உணவளிக்காமல், அது தானே இரைதேடிக் கொள்ளவும் விடாமல் சாகவிட்ட பெண் தண்டனைக்கு ஆளானாள் என்னும் நபிமொழியை எடுத்துக் காட்டினார். அவையில் மறுப்பில்லை.

சிறுவன், இல்லை, இப்போது அவன் இளைஞன், பாட்டனாரை மறுத்துப் பேச நாணி எம்மை நோக்கினான்.

“மாமா, பூனையைத் திறந்துவிட்டிருந்தால் அது பிழைத்திருக்கும். பவளம் கூண்டிலேயே பொரித்த பறவை. காகத்தை அதற்குத் தெரியாது, பூனையைத் தெரியாது, இரை தேடவும் தெரியாது. இந்த ஊரில் அதன் இனத்தில் வேறொன்று இல்லை. திறந்துவிட்டால் நமக்கு மனம் லேசாகும். அதற்கு என்ன ஆகும்?” என்றான்.

எம் தந்தையார் நெடுநேரம் பேசவில்லை. அந்நபிமொழியில் விடுதலை தனித்து நிற்கவில்லை என்பதை நாம் அனைவரும் அப்போதுதான் கூர்ந்து எண்ணினோம். உணவளிப்பது, அன்றேல் உணவு தேடிக்கொள்ள வழிவிடுவது என்னும் இரண்டில் ஒன்றே அங்குச் சொல்லப்படும் கடமை. வழிவிட்டாலும் தேட இயலாத உயிருக்கு எஞ்சுவது முதற்கடமை ஒன்றே.

நம் நாட்டுப் பச்சைக்கிளியின் நிலை வேறு. அது தோப்பிலும் வயலிலும் வாழப் பிறந்தது; அதனைப் பிடித்துக் கூண்டிலடைப்பது 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதற்குரிய இடம் வானம். தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் இனம்பெருக்கப்பட்ட அயல்நாட்டுப் பறவைக்கோ நம் வானம் பழகாத பாலை. அமெரிக்காவில் ஃபீனிக்ஸ் நகரில் கூண்டினின்று வெளியேறிய லவ் பேர்டுகள் பெருகி வாழ்கின்றன என்பது மெய்யே. அவை கூட்டமாய் நிலைபெற்றவை. அவற்றின் தாயகத்தை ஒத்த வறண்ட வெம்மை அங்குண்டு. தனியொரு பறவையைக் கடற்கரையூரில் பறக்கவிடுவதற்கு அது சான்றாகாது.

மறுநாள் சுபுஹு தொழுகை முடிந்து வந்த எம் தந்தையார், பேரனை அழைத்து, எவ்வளவு தினை, எத்தனை முறை நீர் என்று ஒவ்வொன்றாய்க் கேட்டுக்கொண்டார். அந்த எடை நோட்டும் அவர் கைக்கு மாறிற்று. எழுபது வயதைக் கடந்த அவர், வாரந்தோறும் கண்ணாடியணிந்து எண் குறித்தார். வெள்ளிக்கிழமைகளில் பேரன் தொலைபேசியில் அழைத்தால் முதற்கேள்வி, “பவளம் என்ன செய்கிறது?” என்பதே. ஜித்தாவிலிருந்து அழைக்கும் தந்தையும் அதனையே கேட்பார்.

லவ் பேர்டு பதினைந்து ஆண்டுகள்கூட வாழக்கூடும். பவளத்திற்கு அத்துணை நாள் வாய்க்கவில்லை. 2024-ஆம் ஆண்டு ஒருநாள் நோயில் இறந்தது. ‘தேர்வு முடியட்டும், பிறகு சொல்லலாம்’ என்றார் தமக்கையார். எம் தந்தையார் இசையவில்லை. அன்றே தாமே தொலைபேசியில் பேரனிடம் தெரிவித்தார். ‘பறவைதானே’ என்று சொல்லவில்லை. ‘வேறொன்று வாங்கலாம்’ என்றும் சொல்லவில்லை. மாதுளை மரத்தடியில் புதைத்ததைச் சொன்னார். பிறகு அவன் அழுதுமுடிக்கும் வரை தொலைபேசியை வைக்காமல் காத்திருந்தார். அருகிலிருந்து யாம் கண்டது இது.

அபூ உமைர் என்னும் சிறுவன் வளர்த்த குருவி இறந்தபோது, அவன் வாட்டத்தைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அவனைப் பெயர்சொல்லி அழைத்துக் குருவியைப் பற்றி அன்புடன் வினவிய செய்தி நபிமொழித் தொகுப்புகளில் உள்ளது. ஒரு சமூகத்தையே வழிநடத்தியவர், ஒரு குழந்தையின் குருவிக்காக நின்று பேசினார். இப்னுல் காஸ் என்னும் ஷாஃபிஈ அறிஞர் இவ்வொரு செய்தியிலிருந்து மட்டும் அறுபது நுண்பொருள்களைத் தொகுத்துத் தனிநூல் செய்தார். உயிரை வதைக்காது பேணின் பறவை வளர்க்கலாம் என்பது அறிஞர் பலர் அதினின்று கொண்ட முடிவு. யாம் கொள்வது மற்றொன்றும் உண்டு: சிறியோரின் துயரைச் சிறிதென்று எண்ணலாகாது.

மாணவச் செல்வங்களே! கடைத்தெருவில் வண்ணப் பறவையைக் கண்டு விலை கேட்குமுன், பத்தாண்டுகள் இதனை யார் பேணுவார், நாம் ஊர்விட்டுச் சென்றால் யாரிடம் ஒப்படைப்போம் என்று கேளுங்கள். விடை இல்லையெனின் வாங்காதிருப்பதே அப்பறவைக்குச் செய்யும் நன்மை. வாங்கிவிட்டாலோ, அது உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அமானிதத்தை வானில் எறிந்துவிட்டுக் கணக்கு முடிந்ததென்று கொள்ளல் ஆகாது. பெரியோர்களுக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள்: வளர்த்த உயிரை இழந்து வாடிய முகத்தோடு ஒரு பிள்ளை வந்து நின்றால், அப்பறவை எப்படியிருந்தது என்று கேட்டுச் சற்று நேரம் செவிகொடுங்கள்.